நீலக்குடைக்காரியின் கைகள்

அத்தியாயம் 9

மழை வந்தால்தான் அவள் வருவாள்.

ஹேடன் ஊரில் இதைச் சிறுபிள்ளைகூடச் சொல்லும். பார்டன் புகையிலை ஏலக்கிடங்கின் தெற்குச் சுவர் வெயில் நாளில் வெறும் சுண்ணாம்புச் சுவர். மூன்று மாடி உயரம், அவ்வளவுதான். மழை பிடித்து அரைமணி நேரம் அடித்தால் சுண்ணாம்பு நனைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அடியில் இருக்கிறவள் மேலே வந்துவிடுவாள். முதலில் ஒரு நீலக்குடை. அப்புறம் நெற்றி. அப்புறம் இரண்டு கண்கள். தெருவில் போகிறவனை அந்தக் கண்கள் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் திரும்பும் என்று பேச்சு. மழை நாளில் யாரும் அந்தப் பக்கம் நடக்க மாட்டார்கள். சுற்றிக்கொண்டு போவார்கள்.

எலியாஸ் ப்ரூயிட் பேயை நம்புகிறவர் இல்லை. மனிதர்களையும் நம்புகிறவர் இல்லை. அறுபத்து மூன்று வயதில் அவர் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான். தன் இரண்டு கண்களை.

சுவருக்கு எதிரே அவருடைய பழைய காருக்குள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெர்னா டாக்கெட். சிகரெட் ஆலையில் பத்து வருடம் பொட்டலம் கட்டியவள். மேஸ்திரியை நாக்காலேயே அடித்து வேலை போனதும் ப்ரூயிட்டிடம் வந்து சேர்ந்தாள். அந்த ஊர் வழக்கப்படி சோடா பாட்டிலுக்குள் வறுத்த வேர்க்கடலையைக் கொட்டி, கட்டைவிரலால் வாயை மூடிக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெரியவரே, துப்பறியிறதுன்னா துரத்துவோம், ஓடுவோம்னு நெனச்சுதான் வந்தேன். செவுரு நனையிறதப் பாக்கச் சம்பளம்னு தெரிஞ்சிருந்தா எங்க பூனையையும் கூட்டிட்டு வந்திருப்பேன்."

"வாய மூடிட்டுப் பாரு. நாளைக்குக் காலையில ஏழு மணிக்குப் புதுசா சிகரெட் விளம்பரம் எழுத ஆளு வருது. எண்ணெய்ச் சாயம் மூணு பூச்சு. அப்புறம் எந்த மழைக்கும் இவ வரமாட்டா."

"அது சரி. ஆனா அந்தப் பொண்ணு ஏன் நனையுது? காருல எடம் இருக்குல்ல?"

அந்தப் பெண் இடெல்லா. இந்த வழக்கே அவளுடையதுதான். சுவருக்கு அடியில், பழைய எடைமேடை மேல் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் செம்மண் சேறு. சிமென்ட் போட்ட அந்த மேடை ஒன்றுதான் காலை வைக்கிற மாதிரி இருந்தது. ஐந்து மாதக் கர்ப்பம். கையில் ஒரு குடை இருந்தும் விரிக்கவில்லை.

சுவரில் இருந்தவள் அவளுடைய அம்மா லூலா. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு செப்டம்பரில், 'நீலக்குடை' புகையிலைக்குச் சுவர் விளம்பரம் எழுத ஃபென் என்று ஓர் ஓவியன் வந்தான். கிடங்கில் புகையிலை இலை கட்டுகிற லூலாவைப் பார்த்தான். நீலக்குடையைக் கையில் கொடுத்து நிற்க வைத்தான். விதவை, கையில் இரண்டு வயதுக் குழந்தை. ஒரு வியாழக்கிழமை ஓவியன் ரயில் ஏறினான். அதற்குப் பிறகு லூலாவையும் காணோம். ஊர் கூட்டிப் பார்த்து விடை எழுதிவிட்டது. ஓடிப்போனாள்.

அந்த விடைக்குச் சாட்சி ஒருவர். அன்றைக்கு இந்தக் கிடங்கில் எடைக்காரராக இருந்த எலியாஸ் ப்ரூயிட்.

போன வாரம் இடெல்லா அவருடைய அறைக்கு வந்து நாற்காலியில் உட்காராமலே கேட்டாள். "எங்கம்மா மொகத்தக் கடைசியாப் பாத்தது நீங்கதான்னு சொன்னாங்க ஐயா. ரயில்ல போறப்ப அழுதாங்களா, சிரிச்சாங்களா?"

அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ரெண்டும் இல்லம்மா. ஜன்னல் ஓரமா உக்காந்திருந்தா. தோள்ல நீலக்குடை. நான் தொப்பியத் தூக்கினேன். என்னை நேராப் பாத்தா. கண்ணச் சிமிட்டக்கூட இல்ல. ரயில் போயிடுச்சு."

அவள் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள். "ஓடுற ரத்தம்னு எங்க மாமியாரு சொல்றாங்க. ஜனவரியில இது பொறக்கும். ஒரு நாள் நானும் இப்பிடிக் கண்ணச் சிமிட்டாம விட்டுட்டுப் போயிருவேனோன்னு பயமா இருக்கு. ஏன் போனாங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

ஏன் போனாள் என்பதுதான் கேள்வி. போனாளா என்று யாரும் கேட்கவில்லை. ப்ரூயிட்டும் கேட்கவில்லை. அவர்தான் பார்த்தாரே.

கிடங்கின் பெரிய கதவு திறந்தது. கேலப் பார்டன் வெளியே வந்தார். கிடங்குக்கு முதலாளி. எழுபதை எட்டிய வயசு, கறுப்புக் குடை, பளபளவென்று புதுச் செருப்பு. ப்ரூயிட் காரை விட்டு இறங்கினார். வெர்னா பாட்டிலோடு பின்னால் வந்தாள்.

பார்டன் அவர்களை நோக்கி வந்தார். நேர் வழி எடைமேடை மேலாக. அவர் மேடையைச் சுற்றிக்கொண்டு கணுக்கால் சேற்றில் இறங்கி வந்தார்.

"என்ன ப்ரூயிட்டு, இந்த வயசுலயும் பொம்பளப் படம் கேக்குதா?"

"வேற யாரும் நம்மள மாதிரி கெழவனுங்களப் பாக்க மாட்டேங்கறாங்களே கேலப். அந்தப் படத்தப் பத்தித்தான் ஒரு வார்த்த கேக்கணும். எதுக்கு மூணே நாள்ல சுண்ணாம்பு அடிச்ச?"

"எத்தன தடவ சொல்றது? அந்தப் பய வியாழக்கிழம பாதியில போட்டுட்டுப் போயிட்டான். தோள் வரைக்கும்தான் போட்டிருந்தான். கையே இல்லாத பொம்பள. திங்கக்கிழம கம்பெனிக்காரனுங்க வந்து, படத்த மூடியிருந்த தார்ப்பாயத் தொறக்குறதா ஏற்பாடு. கையில்லாதவளக் காட்டச் சொல்றியா? ஞாயித்துக்கிழம நானே வாளியத் தூக்கிட்டுப் போய் அடிச்சேன். அன்னைலருந்து ஒவ்வொரு வசந்தத்துலயும் அடிக்கிறேன். இந்த வருசம்தான், எப்பிடியும் புது விளம்பரம் வருதேன்னு விட்டுட்டேன்." பார்டன் மேடைப் பக்கம் பார்க்காமலே கையை நீட்டினார். "அந்தப் பொண்ணக் கூட்டிட்டுப் போ. காய்ச்சல் வந்து செத்துத் தொலையப் போவுது."

வந்த வழியே, மறுபடி சேற்றில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

"இருபது டாலர் செருப்புய்யா அது," என்றாள் வெர்னா. "நானா இருந்தா மேடை மேல ஏறி நடனம் ஆடிட்டே வந்திருப்பேன்."

ப்ரூயிட் சுவரின் பக்கம் திரும்பினார். மழை வலுத்துவிட்டது. சுவரில் கண்கள் வந்துவிட்டன.

 அதே கண்கள். சிமிட்டாத கண்கள். இருபத்திரண்டு வருடமாகத் தூங்கப் போகும்போது அவரோடு கட்டிலுக்கு வருகிற கண்கள். கூட வேலை பார்த்த மனிதன் தொப்பியைத் தூக்கினால் ஒரு தலையசைப்பு கூடவா இல்லை? அந்தக் கோபத்தில்தான் அன்றைக்கு ஷெரீஃப் கேட்டதும், யோசிக்காமல் சாட்சி சொன்னார். கோபம் என்றைக்கோ ஆறிவிட்டது. கண்கள்தான் போகவில்லை.

மூக்கு வந்தது. உதடு வந்தது. கழுத்து. தோள்.

"தோளோட முடியும்," என்றார் ப்ரூயிட். "வியாழக்கிழம காலையில நானே தார்ப்பாய வெலக்கிப் பாத்தேன். கீழ வெறும் செங்கல்."

"எங்க முடியுது?" வெர்னா பாட்டிலைக் கீழே வைத்தாள். "பெரியவரே, அங்க பாருங்க."

தோளுக்குக் கீழே சுண்ணாம்பு மெல்ல விலகியது. முழங்கை. மணிக்கட்டு. கடைசியில் விரல்கள், ஐந்தும் சுத்தமாக. அந்த விரல்களுக்குள் ஒரு கட்டு பொன்னிறப் புகையிலை.

கை இருந்தது. இருக்கக் கூடாத கை.

மேடையின் மேல் இடெல்லா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

கட்டுக்குக் கீழே இன்னொன்றும் வந்தது. ஒரு மஞ்சள் கோடு. கட்டின் ஓரத்தில் தூரிகை அகலத்தில் புறப்பட்டு, கோணலாக இழுத்து, நேராகக் கீழே இறங்கி, மேடைக்கு மேலே ஆளுயரத்தில் நூல் மாதிரி இளைத்து முடிந்தது.

"சாயம் வழிஞ்சிருக்கு," என்றாள் வெர்னா.

"வழிஞ்ச சாயம் முதல்லயே கோணலாப் போவுமா?" ப்ரூயிட் கண்ணைச் சுருக்கினார். அவர் கோட்டைப் பார்க்கவில்லை. கட்டைப் பார்த்தார்.

இருபது, இருபத்தைந்து இலைகளைக் காம்போடு சேர்த்துப் பிடித்து, ஒரு இலையை மடித்து அதன் தலையில் சுற்றி, நுனியை நடுவில் செருகினால் அது ஒரு கட்டு. இந்த ஊரில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் கட்டத் தெரியும். எல்லோரும் வலப்பக்கம் சுற்றுவார்கள். சுவரில் இருந்த கட்டு இடப்பக்கம் சுற்றியிருந்தது. நுனி இரண்டு தடவை செருகியிருந்தது.

"வெர்னா." அவர் குரல் இறங்கிவிட்டது. "பதினாலு வருசம் இங்க எடை போட்டேன். வண்டியில இருந்து எறக்கும்போதே கட்டப் பாத்து யாரு வீட்டுச் சரக்குன்னு சொல்லுவேன். இடப்பக்கம் சுத்தி ரெண்டு செருகு செருகுறது இந்த ஜில்லாவுலயே ஒருத்திதான். இடதுகைக்காரி. நாங்க கிண்டல் பண்ணுவோம்."

"லூலாவா?"

"லூலா."

"ஓவியன் அவ கட்டுன கட்டப் பாத்து வரைஞ்சிருக்கலாம்ல?"

"அவன் வெச்சிருந்த மாதிரிப் படத்த நான் பாத்திருக்கேன். கம்பெனி அனுப்புனது. வலப்பக்கச் சுத்து. அவனுக்கு எடமும் வலமும் ஒண்ணுதான், அப்பிடியே எழுதியிருப்பான். கையத் தன் பழக்கத்துல விட்டு வரைஞ்சது கட்டத் தெரிஞ்சவ." அவர் சேற்றில் அப்படியே நின்றார். "வியாழக்கிழம காலையில கை இல்ல. ஞாயித்துக்கிழம சுண்ணாம்பு. நடுவுல இவ வந்து கைய வரைஞ்சிருக்கா."

வெர்னா அவரையே பார்த்தாள். கேலி இல்லாத முகம் அவளுக்குப் பொருந்தவில்லை. "அப்ப வியாழக்கிழம சாயங்காலம் ரயில்ல நீங்க யாரப் பாத்தீங்க?"

*

பெல் கிராஸிங் பன்னிரண்டு மைல். ஷெரீஃப் ஆபீஸின் பழைய வழக்குக் காகிதங்களில் ஒரே ஒரு உருப்படியான வரி இருந்தது. ஃபென் அந்த வியாழக்கிழமை ஹேடனிலிருந்து பெல் கிராஸிங்குக்கு இரண்டு டிக்கெட் வாங்கினான். இரண்டு டிக்கெட், இரண்டு ஆள். ஓடிப்போகிற ஜோடி பன்னிரண்டு மைலிலா இறங்கும், அங்கிருந்து வடக்கே போகிற ரயிலைப் பிடித்திருப்பார்கள் என்று ஷெரீஃப் வழக்கை மூடிவிட்டார். பெல் கிராஸிங்கில் யாரும் போய்க் கேட்கவில்லை.

கார் கண்ணாடியைத் துடைக்கிற கட்டை பாதியில் நின்று நின்று ஆடியது.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள் வெர்னா. "கோவிச்சுக்காதீங்க."

"நீ கேக்கலன்னாத்தான் காய்ச்சலான்னு சந்தேகப்படுவேன்."

"தோள்ல நீலக்குடைன்னு சொன்னீங்க. மடக்கியா, விரிச்சா?"

"விரிச்சு. தலைக்குப் பின்னால வட்டமா..." ப்ரூயிட் நிறுத்திக்கொண்டார்.

"ரயில் பெட்டிக்குள்ள."

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"எங்கம்மா வீட்டுக்குள்ள குடைய விரிச்சாலே வெளக்குமாத்த எடுப்பா, குடும்பத்துக்கு ஆகாதுன்னு. இவ ஓடுற ரயிலுக்குள்ள, ஜன்னலோரம், ஆளுங்களுக்கு நடுவுல குடைய விரிச்சுட்டு உக்காந்திருந்தாளாம். ஷெரீஃப் எழுதிக்கிட்டாராம். ஊரே தலையாட்டுச்சாம். அந்த அறைல மூள வெச்சிருந்தது யாரு, நாற்காலியா?"

"போதும்."

"நாற்காலியத்தான் சொன்னேன்."

ஜென்ட்ரி அம்மாளின் பலசரக்குக் கடை ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே. மாவு மூட்டை, மண்ணெண்ணெய், உப்புக்கண்டம், மூக்குப்பொடி டப்பா, எல்லாம் ஒரே வாசனையாகக் கலந்திருந்தது. ஜென்ட்ரி அம்மாள் கல்லாவுக்குப் பின்னால் ரொட்டியை மோரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு வேணும்?"

"பதினாலாம் வருசம் ஹேடன்ல இருந்து வந்த ஒரு ஓவியன் வேணும்," என்றாள் வெர்னா. "கெட்டுப்போயிருந்தாலும் பரவால்ல."

அம்மாள் மோர்க் கிண்ணத்தை வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஃபென்னா? பொண்டாட்டியோட வந்தானே, அவனா!"

ப்ரூயிட்டின் முதுகு நிமிர்ந்தது. பார்த்தாயா என்று வெர்னாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ இப்ப எங்க?" என்றார்.

"எங்க போவா? என் கூடத்தான் இருக்கா. வா, காட்டுறேன். முன்னாடி கல்லா மேலதான் வெச்சிருந்தேன். என் வீட்டுக்காரரு போனப்புறம், சாயங்காலமானா என்னையே பாக்குற மாதிரி இருந்துச்சு. மூடி வெச்சுட்டேன்."

கடையின் பின்பக்கம், சர்க்கரைப் பீப்பாய்களுக்கு நடுவே, மாவுச்சாக்குத் துணி போர்த்திய ஓர் உருவம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அம்மாள் துணியை உருவினாள்.

லூலா ப்ரூயிட்டைப் பார்த்தாள்.

தலைக்குப் பின்னால் வட்டமாக நீலக்குடை. இருபத்திரண்டு வயது. ஒரு நாள்கூட மூப்பு இல்லை. நேராகப் பார்த்தாள். கண்ணைச் சிமிட்டவில்லை.

ப்ரூயிட்டின் கை தானாகவே தொப்பிக்குப் போய்விட்டது. பாதி தூக்கியவர் அப்படியே நின்றார்.

இடுப்பு வரைக்கும் வெட்டிய அட்டை. எண்ணெய்ச் சாயம். கீழே கம்பெனிப் பெயர்.

"கட்-அவுட்டு," என்றாள் வெர்னா மெதுவாக.

"கடைக்கு வெக்கிற பொம்ம," என்றாள் ஜென்ட்ரி அம்மாள். "அந்தக் கிடங்கு மொதலாளியோட சண்டையாம். வேலைய விட்டுட்டு இதத் தூக்கிட்டு வந்துட்டான். சாமான் பெட்டியில போட்டா மடங்கிரும்னு கூடவே உக்கார வெச்சிருக்கான். ரயில் கார்டு விடுவானா? ஒரு சீட்டுக்கு ஒரு டிக்கெட்டுன்னு ரெண்டா வாங்க வெச்சுட்டான். எறங்கி வந்து என் கல்லா மேல உக்கார வெச்சான். 'என் பொண்டாட்டிக்கு டிக்கெட்டு எடுத்துருக்கேன், ஒரு வார்த்த பேச மாட்டேங்கிறா, இப்பிடி ஒருத்திதான் ஆம்பளைக்கு வேணும்'னான். இருபது வருசமா இந்தக் கடைல வாரத்துக்கு ஒருதரம் சொல்லிச் சிரிப்போம்." சிரிப்பு நின்றது. "ஏன், பெரியவருக்கு என்னாச்சு?"

ப்ரூயிட் ஒரு சர்க்கரைப் பீப்பாய் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு கடையில் சிரிப்பு. பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு குழந்தைக்கு ஓடுகாலி மகள் என்று பெயர். நடுவில் நின்றது அவருடைய இரண்டு கண்கள்.

"அவன் தனியாத்தான் வந்தானா?" வெர்னாதான் கேட்டாள்.

"தனியாத்தான். ரெண்டு மாசம் எங்க மாடியில தங்கி மாட்டுக் கொட்டகைக்கெல்லாம் விளம்பரம் எழுதினான். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நிமோனியாவுல போயிட்டான், பாவம்."

*

திரும்பி வரும்போது வெர்னா ஜோக் எதுவும் அடிக்கவில்லை. அதுதான் ப்ரூயிட்டுக்குத் தாங்கவில்லை.

"ஏதாவது சொல்லித் தொல."

"நீங்க சொல்லுங்க. எனக்குப் பாதி புரியுது, மீதி புரிஞ்சிடுமோன்னு இருக்கு."

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஓவியன் போயிட்டான். திங்கக்கிழம கம்பெனிக்காரன் வரான். கை இல்ல. கேலப்புக்கு ஆளு வேணும். மூணு வாரமா ஓவியன் பக்கத்துல நின்னு சாயம் கலக்கிப் பாத்தவ ஒருத்தி இருக்கா. தார்ப்பாய் போட்டிருக்கு, யாரும் பாக்கப் போறதில்ல. அன்னிக்கே அவளத் தொங்குசாரத்துல ஏத்தி விடுறான். அந்தக் கயிறு எனக்குத் தெரியும். மூட்ட தூக்கித் தூக்கி நைஞ்ச கயிறு."

"மஞ்சக் கோடு."

"கட்ட முடிச்சுட்டா. ஓரத்தச் சீர் பண்றா. கயிறு விட்டுடுச்சு. தூரிகை கையில இருக்கு. செவுத்தப் புடிக்கப் பாத்திருக்கா." அவர் ஒரு விரலால் காற்றில் கோணலாகக் கோடு இழுத்தார். "அது அவ விழுந்த வழி. அதத்தான் கேலப் வருசா வருசம் சுண்ணாம்பு அடிச்சு மூடினான். மொகத்துக்கு ஒரு பூச்சு, கோட்டுக்கு மூணு பூச்சு."

"சொல்லியிருக்கலாமே அந்த ஆளு. விபத்துதானே."

"விதவைய நைஞ்ச கயித்துல ஏத்திக் கொன்னான்னு ஊரு பேசும், கம்பெனி வெலகும். யோசிச்சு நின்னிருப்பான். அப்ப ஒருத்தன் போய் ஷெரீஃப்கிட்டச் சொல்றான், அவ வியாழக்கிழமையே ரயில் ஏறிட்டா, நான் பாத்தேன்னு. கேலப் பொய்யே சொல்ல வேண்டி இருக்கல. நான் சொன்னதுக்குத் தலையாட்டினான், அவ்வளவுதான்."

கார் ஹேடனுக்குள் நுழைந்தது. மழை இன்னும் விடவில்லை. தூரத்தில் சுவரும், நீலக்குடையும், அந்தக் கையும் தெரிந்தன. கைக்குக் கீழே மஞ்சள் கோடு. கோட்டுக்கு நேர் கீழே, நின்றது நின்றபடி, இடெல்லா.

"அவள எங்க கொண்டுபோனான்?" என்றாள் வெர்னா.

ப்ரூயிட் பிரேக்கை மிதித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஏலம் திறப்பு. ஊரெல்லாம் தேவாலயத்தில். ஆராதனை முடிந்து வந்தபோது கிடங்குக்குத் தெற்கே புது எடைமேடை. வாசலில் இருந்த தராசு இங்கே வரப்போகிறது என்றார் பார்டன். முதலாளி தன் கையாலேயே சிமென்ட் குழைத்துப் போட்டார் என்று ஊரே மெச்சியது. எடைக்காரர் ப்ரூயிட் எல்லோரையும்விட அதிகமாக மெச்சினார். இப்போது இல்லாவிட்டாலும், அன்றைக்கு மேலே கூரை வேறு போட்டுக் கொடுத்தார்களே.

ஒன்பது வருடம். அந்த மேடையில் நின்று ஒன்பது வருடம் எடை போட்டிருக்கிறார். மதியச் சாப்பாடு அங்கேதான். சிரித்தது, அதட்டியது, லூலா ஓடிப்போன கதையை வெளியூர் வண்டிக்காரர்களுக்குச் சொன்னது, எல்லாம் அங்கே நின்றுதான். அந்த ஒன்பது வருடத்தில் கேலப் பார்டன் ஒரு தடவைகூட மேடையில் ஏறியதில்லை. கீழே நின்றபடிதான் கணக்குச் சீட்டை வாங்குவார். பெரிய மனிதன், ஏறி இறங்க அலுப்பு என்று நினைத்திருந்தார்.

காரை விட்டு இறங்கினார். கால் சேற்றில் புதைந்தது. கிடங்குக் கதவில் பார்டன் நின்றுகொண்டிருந்தார். அவரும் சுவரைத்தான் பார்த்தார். மஞ்சள் கோடு இவ்வளவு தெளிவாக வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"கேலப்!" ப்ரூயிட் கூப்பிட்டார். "ஜென்ட்ரி அம்மா கடைக்குப் போயிட்டு வரேன். ரயில்ல போனவளப் பாத்தேன். அட்டை."

பார்டன் அசையவில்லை.

"இங்க வா. பேசணும்."

பார்டன் வந்தார். சேற்றில் வந்தார். மேடைக்கு இரண்டடி தள்ளி நின்றார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஏன் சேத்துல நிக்குற? செருப்பு பாழாவுது," என்றார் ப்ரூயிட். "மேல ஏறி நில்லு."

"எனக்கு இங்கயே போதும்."

"ஏறு கேலப். ஒரே ஒரு அடி. சிமென்ட்டுதானே. நீயே போட்டது."

பார்டன் காலைத் தூக்கினார். அந்தக் கால் மேடையின் விளிம்புக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பிறகு சேற்றிலேயே இறங்கியது. குடை கையிலிருந்து விழுந்து உருண்டது. கிழவர் அதை எடுக்கக் குனியவில்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"கயித்த மாத்தச் சொன்னா," என்றார் விரல்களுக்குள்ளிருந்து. "திங்கக்கிழம மாத்திக்கலாம்னேன்."

"வெர்னா, ஷெரீஃபக் கூப்பிடு. கடப்பாறையோட ஆளுங்களையும் வரச் சொல்லு."

வெர்னா ஓடினாள்.

இடெல்லா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். கோட்டைப் பிடித்துக்கொண்டே அவள் பார்வை மெல்ல இறங்கி வந்து, தன் காலடியில் நின்றது.

ப்ரூயிட் தொப்பியைக் கழற்றினார். "அம்மா, உங்கம்மா எந்த ரயில்லயும் போகல. உன்ன விட்டுட்டு எங்கயும் போகல. பொய்ச் சாட்சி சொன்னது நான். பாத்தேன்னு நெனச்சேன்." மழை அவருடைய மொட்டைத் தலையில் அடித்தது. "அங்கருந்து எறங்கும்மா."

இடெல்லா இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்டியிட்டாள். உள்ளங்கையை நனைந்த சிமென்ட்டின் மேல் வைத்தாள். தூங்குகிற ஆளின் நெற்றியில் வைக்கிற மாதிரி.

"அம்மாவ வெளிய எடுக்குற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன் ஐயா," என்றாள். கொண்டுவந்த குடையை அப்போதுதான் விரித்தாள். தன் தலைக்கு மேல் இல்லை. மேடைக்குப் பிடித்தாள்.